கை தட்டினால் திரும்பத் தட்டிய வீடு

சிங்கப்பூரின் செம்பவாங்கில் கறுப்பு வெள்ளை பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம் என்றதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, பேய் இருக்கிறதா? பேய் இல்லை, எதிரொலிதான் இருந்தது. குடிவந்த அன்று ராத்திரி கூடத்தில் நின்று சும்மா ஒரு தடவை கை தட்டினேன், வீடும் திரும்பத் தட்டியது. அம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பந்தி எந்தப் பக்கம்டி?" என்றார்.

இந்த வகை வீடுகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டப்பட்டவை. கறுப்புச் சாயம் பூசிய மரச்சட்டம், வெள்ளைச் சுவர், அதனால் அந்தப் பெயர். செம்பவாங்கில் இருப்பவை 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் அதிகாரிகள் குடியிருந்தவை. எங்கள் தாத்தா அந்தத் தளத்தின் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், இப்படி ஒரு வீட்டின் முன்வாசலை அவர் மிதித்தே இருக்கமாட்டார் என்பது அம்மாவின் கணிப்பு. இப்போது இது அரசாங்கச் சொத்து, நாங்கள் குத்தகைக்காரர்கள், சுவரில் துளை போடுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

முதல் தப்பு, முன்பு இருந்த ஈசூன் நாலறை அடுக்குமாடி வீட்டில் செய்ததையே இங்கேயும் செய்தது. சோபா, அலமாரி, நாற்காலி எல்லாவற்றையும் சுவரோரமாகத் தள்ளிவிட்டோம். நடுவில் பூப்பந்து ஆடலாம் போல இருந்தது. சரி, நிரப்புவோம் என்று பெரிய பெரிய சாமானாக வாங்கிப் போட்டால் மரச்சாமான் கடை மாதிரி ஆனது. அப்புறம் தரைவரை தொங்கும் கனத்த திரைச்சீலை வாங்கினேன் (விலையைச் சொல்லமாட்டேன்). இரண்டே மாதத்தில் அடிமடிப்பில் கறுப்பாகப் பூஞ்சணம். ஏசி இல்லாத காலத்தில் காற்றுக்காகவே கட்டிய வீடு இது. கூரை உயரமாக இருப்பது சூடு மேலே போவதற்கு, அகலமான வராந்தா வெயிலும் சாரலும் உள்ளே வராமல் தடுப்பதற்கு, நான் போய் அந்தக் காற்றைத் துணி போட்டு அடைத்திருக்கிறேன். இப்போது வராந்தாவில் மூங்கில் திரை மட்டும்தான், மதிய வெயில் சாயும்போது இறக்கிவிடுவோம்.

கூடத்தை வழிக்குக் கொண்டுவந்தது ஒரு பவானி ஜமக்காளம். முதலில் வாங்கிய சின்னக் கம்பளம் யாரோ தவறவிட்ட கைக்குட்டை போலக் கிடந்தது. 12க்கு 9 அடி ஜமக்காளத்தை விரித்து, சோபாவைச் சுவரிலிருந்து இழுத்து, அதன் முன்கால்கள் ஜமக்காளத்தின் மேல் வருகிற மாதிரி போட்டதும் கூடத்துக்குள்ளேயே ஒரு சின்ன அறை கிடைத்துவிட்டது. பருத்தி என்பதால் வாரம் ஒருமுறை வெயிலில் போடலாம். சுற்றியிருக்கும் இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டோம், அது அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய வேலை வெளிச்சம்தான். கூரையிலிருந்த வெள்ளை விளக்கு வீட்டின் முழு உயரத்தையும் தினமும் ராத்திரி வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது, அதன் கீழே உட்கார்ந்தால் பரீட்சை எழுதுகிற உணர்வு. இப்போது மாலையானால் அதைப் போடுவதே இல்லை. உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி நான்கு மேசை விளக்குகள், எல்லாம் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு (கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்). மேலே கூரை இருட்டில் கரைந்துவிடும், கீழே முகங்களும் காப்பி டம்ளரும் மட்டும் தெரியும். பெட்டியில் கெல்வின் எண்ணைப் பார்க்காமல் பல்பு வாங்கியவர் என் கணவர், அந்த ஒன்று இப்போது ஸ்டோர் ரூமில் எரிகிறது. வராந்தாவில் ஊஞ்சல், கொக்கி மாட்ட முடியாது என்பதால் தாங்கியோடு வந்தது. ஆடினால் கிரீச் என்கிறது, பரவாயில்லை. போன வாரம் மறுபடி கை தட்டிப் பார்த்தேன், சத்தம் பாதியிலேயே அடங்கிவிட்டது.

இவ்வளவும் செய்த பிறகு வருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் தெரியுமா? சமையலறை பின்கட்டில் தனியாக இருக்கிறது, அதற்குப் போகும் கூரை போட்ட நடைவழியில்தான் நல்ல காற்று. அம்மா அங்கே ஒரு கோரைப்பாயைப் போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார், எல்லாரும் அவரைச் சுற்றித்தான். பாய் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் வாங்கியது, கூடத்துக்கு ஆன செலவில் அது ஒரு ஓரத்துக்குக்கூட வராது. மேசை விளக்குகளின் ரசீதை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன்.