ஹாமண்ட் ஆர்கனின் வைப்ரேட்டோவை ஆழமாக்குவது: முதலில் ரிப்பேர், அப்புறம் மாற்றம்

பழைய ஹாமண்ட் ஆர்கன் வாங்கியவர்கள் சீக்கிரமே கேட்கத் தொடங்கும் கேள்வி: "இதன் வைப்ரேட்டோவை இன்னும் கொஞ்சம் ஆழமாக்க முடியுமா?" முடியும். வைப்ரேட்டோ, அதாவது சுருதி மெல்ல ஏறி இறங்கும் ஆட்டம், ஆழமாக ஒரு ரெசிஸ்டரும், திருகி மதிப்பை மாற்றும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் போதும். ஆனால் அரை நூற்றாண்டு தாண்டிய கருவியில் வைப்ரேட்டோ சோம்பலாக ஒலித்தால், அது வடிவமைப்பின் குறையாக இருப்பது அரிது. பாகங்களுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யாமல் மேலே மாற்றம் செய்தால், எது மாற்றத்தால் வந்தது, எது பழுதால் வந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாது.

இங்கே சொல்வது ஸ்கேனர் வைப்ரேட்டோ உள்ள மாடல்களுக்கு: பி-3, ஏ-100 போன்ற பெரியவை, எம்-3, எம்-100, எல்-100 போன்ற சிறியவை. சிறியவற்றில் ஆறு நிலைச் சுழல் ஸ்விட்சுக்குப் பதில் தனித்தனி டேப்கள் (சின்னச் சின்ன ஸ்விட்சுகள்) இருக்கும், அடிப்படை ஒன்றேதான்.

சிக்னல் முதலில் 'லைன் பாக்ஸ்' என்ற பெட்டிக்குள் போகிறது. அங்கே காயிலும் கண்டென்சரும் மாறி மாறிக் கோத்த ஏணி. பி-3-இல் ஒவ்வொரு காயிலும் 0.5 ஹென்றி, ஒவ்வொரு கண்டென்சரும் 0.004 மைக்ரோஃபாரட், மொத்தம் 18 படிகள். ஒரு படிக்கு சுமார் 45 மைக்ரோ செகண்ட் தாமதம். கடைசிப் படியை எட்டும்போது 0.8 மில்லி செகண்ட். ஏணியின் வெவ்வேறு படிகளிலிருந்து வரும் ஒன்பது வயர்கள் ஸ்கேனருக்குப் போகின்றன. ஸ்கேனர் என்பது பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டென்சர் மாதிரியான சாதனம்: வட்டமாக 16 தகட்டுக் கட்டுகள், நடுவில் சுழலும் தகடு. ஒன்பது வயருக்கு 16 கட்டு ஏன் என்றால், முதலும் கடைசியும் ஒவ்வொன்று, நடுவிலுள்ள ஏழும் இரண்டிரண்டு. சுழலும் தகடு ஏணியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிறது. தாமதம் கூடும்போது சுருதி சற்றே இறங்கும், குறையும்போது ஏறும். ஆழமான நிலையில் இந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் ஒன்றரை சதவீதம் அளவுக்கு வரும்.

ஸ்விட்சின் ஆறு நிலைகளில் வி1 ஏணியின் மூன்றில் ஒரு பங்கையும், வி2 பாதியையும், வி3 முழுவதையும் பயன்படுத்துகின்றன. சி1, சி2, சி3 என்பவை கோரஸ்: லைனோடு, அதாவது இந்த ஏணியோடு, தொடராக ஒரு ரெசிஸ்டர் சேர்கிறது, அதன் குறுக்கே விழும் பங்கு சிக்னல் ஆடாமல் அப்படியே போகிறது, லைனின் குறுக்கே விழும் பங்கு மட்டும் ஆடுகிறது. இரண்டும் கலப்பதில்தான் அந்தப் பளபளப்பு பிறக்கிறது. நாம் கை வைக்கப்போவது இந்த ரெசிஸ்டரில்தான், ஆகவே மாற்றம் கேட்பது கோரஸ் நிலைகளில்தான்.

அதற்கு முன் ஆபத்து பற்றி ஒரு வார்த்தை. வால்வு ஆம்ப்ளிஃபயரில் 250 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் அது தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேட்டட் கிளிப் மாட்டி, கண்டென்சருக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு நிமிடம் வைத்துவிட்டு, மீட்டரில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே உள்ளே கை விடவும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

காது மட்டும் வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே ஒரு டிராபாரை (ஒலிக் கலவையை அமைக்கும் இழுப்புக் கம்பியை) இழுத்து, நடு ஆக்டேவில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்து, நிலைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கேளுங்கள். வி1 ஒழுங்காக இருந்து வி3 மட்டும் வெட்டி வெட்டி ஒலித்தால், ஏணியின் பின்பகுதியில் ஒரு காயில் அறுந்திருக்கிறது அல்லது ஒரு சால்டர் விட்டுப்போயிருக்கிறது. சுழலும் தகடு அந்தப் பகுதிக்குப் போகும்போதெல்லாம் ஒலியே இல்லை. சுருதி ஆடுவதைவிட ஒலியளவு ஏறி இறங்குவதே அதிகமாகக் கேட்டால், ஏணியின் ஆரம்பப் படிகளில் உள்ள சமன்படுத்தும் ரெசிஸ்டர்கள் மதிப்பு மாறியிருக்கின்றன. ஏணியில் போகப்போக சிக்னல் இளைக்கும். எல்லாப் படியிலும் அளவு ஒன்றாக இருக்கட்டும் என்றே முதல் சில படிகளை ரெசிஸ்டர் வைத்து மட்டுப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கணக்கு கலைந்தால் வைப்ரேட்டோவோடு டிரெமோலோவும் சேர்ந்துவிடும். கட்டையே அமுக்காதபோதும் 'டுப் டுப்' என்று செகண்டுக்கு ஏழு முறை தட்டும் சத்தம் வந்தால், லைனுக்கு முன்னாலுள்ள கப்ளிங் கண்டென்சர் டிசியை ஒழுகவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். தகட்டுக் கட்டுகளுக்கிடையே டிசி வித்தியாசம் இருந்தால், சுழலும் தகடு ஒவ்வொரு சுற்றிலும் அதை ஒரு தட்டாக மாற்றிவிடும். கரகரப்பும் படபடப்பும் என்றால் ஸ்கேனருக்குள் அழுக்கு.

லைன் பாக்ஸில் உள்ளவை கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள். இவை வயதாக ஆக மேல்நோக்கியே நகரும். 22 கிலோ ஓம் என்று போட்டிருப்பது 30-ஐத் தாண்டியிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. சர்க்யூட்டில் இருக்கும்போதே அளந்தால் மீட்டர் ஏமாற்றும், ஏனென்றால் காயில்கள் வழியாக எல்லாமே இணையாகப் பேசிக்கொண்டிருக்கும். ஒரு காலை சால்டரிலிருந்து எடுத்துவிட்டே அளக்க வேண்டும். எழுதிய மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை அரை வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களால் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்காமல், ஒன்றை எடுத்து ஒன்றைப் போடுங்கள். பிடுங்கிய பின் எது எங்கே இருந்தது என்று தேடுவது சுற்றுப்படம் கையில் இருந்தாலும் தலைவலிதான்.

காயில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளந்தால் போதும். எல்லாம் ஏறத்தாழ ஒரே ஓம் காட்ட வேண்டும், அறுந்தது உடனே தெரிந்துவிடும். ஆசிலோஸ்கோப் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: லைனின் நுழைவில் கண்டென்சர் வழியாக 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்து ஒவ்வொரு படியாகப் பாருங்கள். படிக்குப் படி சுமார் 16 டிகிரி பின்தங்க வேண்டும். திடீரென்று ஒரு படியில் தாவினாலோ தேங்கினாலோ அங்கே உள்ள கண்டென்சரைச் சந்தேகியுங்கள். கண்டென்சர்களில் விலகல் இல்லையென்றால் அவற்றைத் தொடாதீர்கள். 'பழசு என்றால் மாற்று' என்ற பொதுவிதி பவர் சப்ளைக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

ஸ்கேனர்தான் நேரம் வாங்கும் வேலை. அதன் வெளியீட்டில் சில பிக்கோஃபாரட்டுகளே இருப்பதால், அடுத்துள்ள வால்வின் கிரிட் வரை அந்த வழி முழுவதும் மிக உயர்ந்த இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான மின்தடை). எண்ணெயும் தூசியும் சேர்ந்த ஒரு படலம் இன்சுலேட்டரில் படிந்தால் போதும், கசிவு தொடங்கிவிடும். கீழ் ஸ்தாயி ஸ்வரங்கள் முதலில் மெலியும். இன்னொரு எதிரி, உள்ளிருக்கும் உலோகப் பரப்பில் மயிரிழை போல வளரும் துத்தநாக இழைகள். இவை தகட்டுக்குத் தகடு பாலம் போட்டுக் கரகரப்பை உண்டாக்கும்.

ஒன்பது வயர்களுக்கும் எண் எழுதிய டேப் ஒட்டி, புகைப்படம் எடுத்து, மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டு கழற்றுங்கள். தகடுகளை வளைக்காமல், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷால் இன்சுலேட்டர்களையும் தகடுகளின் இடுக்குகளையும் துடைக்க வேண்டும். கழுவிய அழுக்கு வேறொரு மூலையில் போய்த் தங்காமல் இருக்க, பிரஷை அடிக்கடி புது ஆல்கஹாலில் முக்குங்கள். சுழலும் தகட்டிலிருந்து சிக்னலை எடுக்கும் பிரஷ் தொடர்பில் எண்ணெய் படவே கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு தகட்டுக் கட்டுக்கும் உடலுக்கும் நடுவே மீட்டரின் மிக உயர்ந்த ஓம் ரேஞ்சில் அளந்தால் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் இன்னும் ஈரமோ அழுக்கோ இருக்கிறது. ஸ்பிரே எண்ணெய் எதையும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்; அது ஆவியாகிப் பிசினை விட்டுப்போகும், எண்ணெய் கொண்டுபோகும் நூல் திரிகளை அடைத்துவிடும். ஆர்கன் ஜெனரேட்டருக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய், அதுவும் அதற்குரிய கிண்ணத்தில் சில சொட்டுகள் மட்டும்.

வெளியீட்டு ஷீல்டு வயரை நீட்டிப் போடும் ஆசையும் வேண்டாம். கிடார் வயரை நீட்டினால் ட்ரெபிள்தான் குறையும். இங்கே மூலமே கண்டென்சர் என்பதால், வயரின் கெப்பாசிட்டன்ஸ் எல்லா ஸ்வரத்தையும் ஒரே விகிதத்தில் விழுங்கும். 'வைப்ரேட்டோ போட்டால் சத்தம் குறைகிறது' என்ற புகார் ஏற்கெனவே யாரோ ரிப்பேர் செய்த ஆர்கன்களில் வந்தால், இந்த வயரை முதலில் பார்க்கலாம்.

இவ்வளவும் முடிந்து கேட்டால், பலருக்கு மாற்றமே தேவைப்படாது. இன்னும் வேண்டும் என்பவர்களுக்குக் கோரஸ் ரெசிஸ்டர். பி-3-இல் அது 22 கிலோ ஓம். லைனின் சொந்த இம்பீடன்ஸ், மேலே சொன்ன காயில், கண்டென்சர் கணக்குப்படி சுமார் 11 கிலோ ஓம். ஆக, தோராயமாக மூன்றில் இரண்டு பங்கு ஆடாத ஒலி, ஒரு பங்கு ஆடும் ஒலி. வயதாகி 33 கிலோ ஓமுக்குப் போன ரெசிஸ்டர் ஆடாத பங்கை முக்காலாக்கிவிடும். கோரஸ் சப்பென்று ஆவதற்கு இதுவே காரணம். மதிப்பைக் குறைத்தால் ஆட்டம் முன்னுக்கு வரும்.

அந்த ரெசிஸ்டரின் இடத்தில் 10 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரையும், அதோடு தொடராக 25 கிலோ ஓம் லீனியர் பொட்டென்ஷியோமீட்டரையும் போடுங்கள். 10 முதல் 35 வரை கிடைக்கும். ஆடாத பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவிலிருந்து முக்கால் வரை நகரும். பொட்டின் நடுக் காலை ஒரு ஓரக் காலோடு சேர்த்து சால்டர் செய்வது முக்கியம். அப்போதுதான் உள்ளே தொடர்பு விட்டுப்போனாலும் சர்க்யூட் திறந்துபோகாமல் 35 கிலோ ஓமில் நிற்கும். வயர் ஷீல்டு வயராக, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். ஷீல்டின் ஒரு முனையை மட்டும் கிரவுண்டில் இணையுங்கள், இரண்டையும் இணைத்தால் ஹம் வரும். பொட்டின் உலோக உடலும் கிரவுண்ட் ஆக வேண்டும். கேபினெட்டில் ஓட்டை போடாதீர்கள், உள்ளே ஒரு எல்-வடிவப் பட்டையில் மாட்டினால் போதும். ஒருமுறை பிடித்த இடத்தில் வைத்தபின் இதை யாரும் தினமும் திருகுவதில்லை. கழற்றிய பழைய ரெசிஸ்டரை ஒரு சின்ன உறையில் போட்டு உள்ளேயே ஒட்டி வையுங்கள்.

15 கிலோ ஓமுக்குக் கீழே போவது என் ரசனைக்கு அதிகம். தனி ஸ்வரத்தில் அழகாகத்தான் இருக்கும். மூன்று நான்கு ஸ்வரங்கள் சேர்ந்தவுடன் சுருதி சேராத பெட்டி போல ஒலிக்கத் தொடங்கும். லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரோடு வாசிப்பவர்கள் 18-லிருந்து 22-க்குள்ளேயே நிறுத்திக்கொள்ளலாம். சோதிக்கும்போது லெஸ்லியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், ஓடவிட்டால் எது எதனுடைய ஆட்டம் என்று தெரியாது. சிறிய மாடல்களில் ரெசிஸ்டரின் எண்ணும் மதிப்பும் வேறாக இருக்கும், ஆகவே அந்த மாடலின் சுற்றுப்படத்தில் கோரஸ் டேப் எதை லைனோடு சேர்க்கிறது என்று பார்த்து, அதே விகிதத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மூன்று ஆழங்களையும் கொண்டுவர ஒன்பது இணைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றும் மூன்று நிலை ஸ்விட்ச் வேண்டும். அத்தனை வயரிங்குக்குக் கிடைக்கும் பலன் குறைவு என்பது என் கணிப்பு.

வேகத்தை மட்டும் மாற்ற வழியில்லை. ஸ்கேனர், ஸ்வரங்களை உண்டாக்கும் டோன்வீல் சக்கரங்கள் இரண்டையும் ஓட்டுவது ஒரே சின்க்ரனஸ் மோட்டார். ஸ்கேனர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 412 சுற்று, அதாவது செகண்டுக்கு 6.9. 60 ஹெர்ட்ஸ் ஆர்கனை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வைப்ரேட்டோ 5.7-க்குக் குறையும், கூடவே முழு ஆர்கனும் மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். அதற்கு மருந்து 60 ஹெர்ட்ஸ் தரும் சைன் அலை இன்வெர்ட்டர். வெறும் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வெண்ணை மாற்றாது.

வேகம் மாற்ற ஆசைப்படுபவர்களுக்கு வாக்ஸ் கான்டினென்டல், ஃபார்ஃபிசா காம்பாக்ட் போன்ற டிரான்சிஸ்டர் ஆர்கன்களே தோது. அங்கே ஒரு மெதுவான ஆசிலேட்டர் (அலையை உண்டாக்கும் சர்க்யூட்) முதன்மை ஆசிலேட்டர்களின் சுருதியையே ஆட்டுகிறது. மூன்று படி ஆர்-சி (ரெசிஸ்டர்-கண்டென்சர்) ஆசிலேட்டராக இருந்தால், 10 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரட்டும் ஏட்டுக் கணக்கில் 6.5 ஹெர்ட்ஸ் தரும். டிரான்சிஸ்டரின் சுமையால் நடப்பில் சற்றுக் குறையும். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்திருந்தால் வேகம் கூடியிருக்கும், அல்லது ஆசிலேட்டர் கிளம்பவே கிளம்பாது. அவற்றை அதே மதிப்புள்ள ஃபிலிம் கண்டென்சர்களாக மாற்றிவிட்டு, ஒரு படியின் ரெசிஸ்டரை மட்டும் 6.8 கிலோ ஓமும் 5 கிலோ ஓம் பொட்டும் தொடராக இருக்கும்படி செய்யுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் ரொம்ப விலக்கினால் தேவைப்படும் கெயின் (பெருக்கம்) கூடி, பொட்டின் ஒரு முனையில் ஆட்டம் நின்றுபோகும். அப்படி நின்றால் பொட்டின் மதிப்பைக் குறையுங்கள், டிரான்சிஸ்டரை மாற்றாதீர்கள்.