கீபோர்டு சீக்குவன்சரில் ஒரு கும்மிப் பாட்டு: இதுவரை நடந்தது

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டக் கோவிலில் ஆடித் திருவிழாவுக்குப் பெண்கள் கும்மி பாடுவார்கள். உருமி அடிக்க ஆள் உண்டு. கீபோர்டுக்குத்தான் ஆள் இல்லை. வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் வேலைக்காகக் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். அன்றைக்கு நானும் சாமி தூக்கப் போய்விடுவேன். அதனால் பின்னணியை முன்னாலேயே பதிந்து வைக்க உட்கார்ந்தேன். கணினி தேவைப்படவில்லை. யமஹா பிஎஸ்ஆர் கீபோர்டுக்குள் இருக்கும் சீக்குவன்சரே (வாசித்ததைப் பதிந்து, திருத்தி, தானாகத் திரும்ப வாசிக்கும் வசதி) போதும்.

இதில் பதிவாவது ஒலி இல்லை, மிடி. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம், எவ்வளவு வேகமாக (1 முதல் 127 வரை), எப்போது விட்டோம் என்ற கணக்குதான். அதனால் பதிந்த பிறகும் சுருதியை மாற்றலாம், வேகத்தைக் கூட்டலாம், ஒலி கெடாது. நான் ஒரு கட்டைச் சுருதியில் (C) பதிந்திருந்தேன். ஒத்திகையில் தங்கச்சி, "அண்ணே, அஞ்சு கட்டைக்குக் கொண்டு வாங்க, அப்பத்தான் எங்களுக்குக் குரல் எடுக்கும்" என்றாள். அஞ்சு கட்டை என்றால் G. அதற்கு ஏழு அரைச்சுரம் மேலே ஏற்றினால் பேஸ் (அடிச்சுர ஒலி) மெலிந்துபோனது. ஐந்து இறக்கினேன், ஒரு ஸ்தாயி கீழே அதே G சுருதிதான், பேஸ் கனமாக நின்றது.

மொத்தம் 16 சேனல், ஒவ்வொன்றிலும் ஒரு கருவியின் ஒலி. எனக்கு நாலே போதும்: புல்லாங்குழல், ஆர்மோனியம், பேஸ், அப்புறம் 10-ஆவது சேனலில் தாளம். சிங்கிக்கு (சின்னக் கைத்தாளம்) டிரையாங்கிள் ஒலி கிட்டத்தட்ட வருகிறது. கைத்தட்டு ஒலியைச் சேர்க்கவில்லை. கும்மியில் அது பெண்களின் கையிலிருந்துதான் வரவேண்டும். உருமியின் உறுமலுக்கு ஈடான ஒலி இந்தப் பெட்டிக்குள் இல்லை, தேடவும் வேண்டாம்.

நேரம் பிடித்தது குவான்டைஸ் வேலைதான். முன்னே பின்னே விழுந்த சுரங்களைத் தாளக் கோட்டுக்கு இழுத்து வைப்பது அது. இந்தக் கீபோர்டு ஒரு தட்டை 1920 கிளாக்காகப் பிரிக்கிறது. கும்மி திச்ர நடை, தட்டுக்கு மூன்று. அதாவது சுரங்கள் 0, 640, 1280-இல் விழவேண்டும். பதினாறாம் அளவில் (தட்டுக்கு நான்கு) குவான்டைஸ் செய்தால் 640 போய் 480-இல் ஒட்டுகிறது, 1280 போய் 1440-இல் ஒட்டுகிறது. கும்மி நொண்டியடிக்கிறது. ட்ரிப்ளெட் அளவை (தட்டுக்கு மூன்று) தேர்ந்தெடுத்தால்தான் நடை நடையாக இருக்கும்.

அதிலும் முழுசாக இழுக்க எனக்கு மனசு வரவில்லை. பேஸுக்கும் தாளத்துக்கும் 100 சதவீதம் கொடுத்தேன், ஆடுகிற கால் அதைத்தான் நம்பும். ஆர்மோனியத்துக்கு 60. 700-இல் விழுந்த சுரம் 664-க்கு வரும். நேராகவும் இருக்கும், ஆள் வாசித்த மாதிரியும் இருக்கும். புல்லாங்குழலைத் தொடவே இல்லை. ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஜாருவாக (வழுக்கிக்கொண்டு) ஏறும் இடங்களைப் பிட்ச் பெண்ட் சக்கரத்தால் (சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம்) வாசித்திருக்கிறேன். குவான்டைஸ் செய்தால் சுரம் மட்டும் நகர்கிறது, சக்கரத்தின் அசைவு பழைய இடத்திலேயே கிடக்கிறது. இரண்டும் பிரிந்தால் ஜாரு போயே போச்சு. பிடிக்காத இடத்தை மட்டும் பஞ்ச்-இன் (அந்தப் பகுதியை மட்டும் புதிதாகப் பதிவது) வைத்து மறுபடி வாசித்துக்கொண்டேன்.

இன்னொன்று வேகம். கும்மி ஒரே வேகத்தில் நிற்காது, சுற்று ஏற ஏற ஓடும். பதிந்த ஒவ்வொன்றையும் வரிவரியாகக் காட்டும் ஈவென்ட் பட்டியலில் டெம்போ (வேக) மாற்றத்தைத் தனியாக எழுதலாம். நிமிடத்துக்கு 96 தட்டில் தொடங்கி, இரண்டாம் சரணத்துக்கு 108, கடைசிச் சுற்றுக்கு 124 என்று வைத்திருக்கிறேன். உருமி அடிக்கும் அண்ணன், "124-க்குப் போறதுக்கு முன்னால எனக்கு ஒரு அடையாளம் குடுப்பா" என்றார். நியாயம்தான். அந்த இடத்துக்கு முன்னால் ஒரு ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) பேஸை நிறுத்திவிட்டு சிங்கியை மட்டும் ஓடவிட்டேன். இப்போது அவர் சரியாக வந்து இறங்குகிறார்.

மாற்றியதை யுஎஸ்பியில் சேமித்த பிறகே சுவிட்சை அணைக்கிறேன், இல்லையென்றால் அத்தனையும் அழிந்துவிடும். அடுத்து முளைப்பாரிப் பாட்டு. அதற்குக் கடைசிச் சரணத்தில் பாடகிகள் எத்தனை முறை திரும்பப் பாடுவார்கள் என்பதைத் தங்கச்சியிடம் கேட்டு முடிவு செய்யவேண்டும்.