பஸ் எது என்று அப்பாவிடம் கேட்டார்கள்

நேற்று இரவு எட்டரை மணி முதல் ஒன்பதே கால் வரை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த எதற்கும் நான் பொறுப்பில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் இன்று காலை கோலம் போடும்போதே, "ராத்திரி அண்ணாச்சி யாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்?" என்று கேட்டுவிட்டார். கம்ப்யூட்டரை என்று சொன்னால் நம்பவா போகிறார்?

கண்டக்டர் மாமாவின் பேத்திக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம். அப்பா போயே ஆகவேண்டும். பதினோரு வருடம் ஒரே வண்டியில் அப்பா டிரைவர், அவர் கண்டக்டர் என்று ஓடியவர்கள். உங்கப்பா என்னோடு பேசியதைவிட அவரோடு பேசியதுதான் அதிகம் என்று அம்மா இன்றைக்கும் கணக்குச் சொல்வாள். முகூர்த்த நாள் என்பதால் அரசுப் பேருந்து எதிலும் இடமில்லை. மிஞ்சியது ஆம்னி பஸ்.

அப்பாவுக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் உள்ள பாசம் ஊரறிந்தது. தென்காசி–மதுரைச் சாலையில் தன்னை ஓவர்டேக் செய்த ஒவ்வொரு ஆம்னி பஸ்ஸின் பதிவெண்ணும் அவருக்கு மனப்பாடம். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நிறுத்தம் பிசகாமல் ஒப்பிப்பார். என் பிறந்த நாளை மட்டும் அம்மாவிடம் கேட்டுத்தான் சொல்வார்.

"பணம் கொடுத்து அவன் வண்டியில் ஏறவேண்டிய காலம் வந்துவிட்டது" என்று ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா அடுக்களையிலிருந்தே ஒரு நிபந்தனை போட்டாள்: எந்த இருக்கை வேண்டுமானாலும் எடு, டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் இருக்கை மட்டும் வேண்டாம். காரணம் நமக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்தால் அப்பா வழி முழுவதும் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வருவார். போன முறை நாகர்கோவில் போய் வந்ததற்கு மூன்று நாள் முழங்கால் வீக்கம்.

நடுவில் ஜன்னலோரமாக நல்ல இருக்கையாகப் பார்த்துத் தொட்டேன். எட்டு நிமிடம் உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. பெயர், வயது, கைப்பேசி எண் எல்லாம் கொடுத்தாயிற்று. பணம் கட்டப் போகும்போது ஒரு பெட்டி எழும்பியது. நீங்கள் இயந்திரம் இல்லை என்பதை உறுதி செய்யவேண்டும். கீழே உள்ள ஒன்பது படங்களில் பஸ் எவையோ அவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

நான் தமிழில் சொன்னதும் அப்பா என்னைப் பார்த்தார். "யாரிடம் கேட்கிறான்?"

"உங்களிடம்தான் அப்பா. டிக்கெட் உங்கள் பேரில்தானே."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கைலியை ஒருமுறை இறுக்கிக் கட்டினார். முதல் படம், நீண்ட மூக்கோடு மஞ்சள் நிற வண்டி.

"இது பஸ் இல்லை. லாரி. லாரிச் சட்டத்தின் மேல் கூண்டு கட்டி, ஜன்னல் வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறான். விடு."

விட்டேன். தவறு, மீண்டும் முயலவும் என்று வந்தது. பிறகு இராத்திரி தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் அந்த மஞ்சள் பள்ளிப் பேருந்துகளில் பெரும்பாலானவை லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவைதானாம். அப்பா சொன்னதில் எழுத்துப் பிசகில்லை. மதிப்பெண்தான் பூஜ்யம்.

இரண்டாம் சுற்றில் ஒரு வெள்ளை வண்டி. எனக்கே தெரிந்தது பஸ் என்று. அப்பா தலையை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தார். "படிக்கட்டு தப்பான பக்கம் இருக்கிறது. படத்தைத் திருப்பிப் போட்டு ஏமாற்றுகிறான்." அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், அதனால் படிக்கட்டும் வலப்பக்கம் என்று நான் விளக்கினேன். அப்படியானால் அந்த ஊர்க் கண்டக்டர் எந்தக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எந்தக் கையால் டிக்கெட் கிழிப்பார் என்று கேட்டார். அந்த ஊரில் கண்டக்டரே பெரும்பாலும் கிடையாது என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. கண்டக்டர் இல்லாமல் பஸ் எப்படி ரிவர்ஸ் எடுக்கும் என்பதில் ஒன்றரை நிமிடம் போயிற்று.

அடுத்தது சாலையில் பாதசாரிகள் கடக்கும் இடம். வெள்ளைப் பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. "வேகத்தடை" என்றார் அப்பா. நம் ஊரில் வெள்ளைப் பட்டை அடித்து வைத்திருப்பது வேகத்தடைக்குத்தான்; அதுவும் அடித்திருந்தால் அதிர்ஷ்டம். ஆள் கடப்பதற்கென்று தனியாக ஓர் இடமா, நம் ஊரில் ரோடு முழுவதும் அதற்குத்தானே இருக்கிறது என்று கேட்டார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த நேரத்தில் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான்காவது சுற்றில், தெருவோரத்தில் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயைக் கண்டுபிடிக்கச் சொன்னான். குட்டையாக, தடியாக, சிவப்பும் மஞ்சளுமாக நடைபாதையில் நின்றது. எங்கள் மூவரில் யாரும் வாழ்நாளில் அப்படி ஒன்றைத் தெருவில் பார்த்ததில்லை. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "மாடன் பீடம் மாதிரி அல்லவா இருக்கிறது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அழுத்தினேன். அது மட்டும் சரியாக இருந்தது.

அதற்கடுத்து சிம்னி. ஓட்டு வீடுகள், சரிந்த கூரைகள். அம்மா ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினாள். "ஒரு வீட்டிலும் விளக்கே ஏற்றவில்லையே." கூரைமேல் இருக்கும் புகைபோக்கியை விட்டுவிட்டு, சிம்னி விளக்கைத் தேடியிருக்கிறாள். எட்டு நிமிடம் முடிந்தது. இருக்கை கைவிட்டுப் போனது.

முன்பெல்லாம் இவ்வளவு தொல்லை இல்லை. நான்கு எழுத்தைக் கோணல்மாணலாக எழுதிக் காட்டி, அதைப் பார்த்து அடிக்கச் சொல்வார்கள். அதில் அப்பா கெட்டிக்காரர். டிப்போ டைம்கீப்பர் கையெழுத்தை முப்பது வருடம் படித்தவருக்கு அதெல்லாம் அச்செழுத்து.

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ஒரே படத்தைப் பதினாறு கட்டமாக வெட்டி வைத்திருந்தான். பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் தனியாக ஒரு கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அது பஸ்ஸா, இல்லையா? நான் வேண்டாம் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணாடி இல்லாமல் வண்டியை எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோய்ப் பார், தெரியும். கண்ணாடியும் பஸ்தான்." அழுத்தினேன். தவறு. இதற்குத்தான் குரல் டீச்சர் வீடுவரை போனது.

அதற்கு அடுத்த படத்தில் அப்பா எதுவும் சொல்லவில்லை. இரவு நேரம், மங்கலான சாலை, தூரத்தில் இரண்டு முகப்பு விளக்குகள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "பஸ் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் அப்பா" என்று அவசரப்படுத்தினேன். கண்புரை அறுவை செய்த கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது" என்றார். "ரோடு பளபளக்கிறது பார். இந்த மாதிரி நேரத்தில் பிரேக்கை நம்பக் கூடாது, பாப்பா. கியரில்தான் இறக்கவேண்டும்."

நேரம் மறுபடியும் முடிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். நான் அம்புக்குறியை ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவேன். பஸ் என்றால் அவர் "ரைட்" சொல்வார், இல்லையென்றால் "ஹோல்டான்". விவாதம் கிடையாது, கரூரில் கட்டிய பாடியா என்ற ஆராய்ச்சி கிடையாது. ரைட், ரைட், ஹோல்டான், ரைட். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒன்பது கட்டமும் முடிந்தது, பச்சை நிறத்தில் ஒரு சரி விழுந்தது. எங்கள் அப்பா மனிதர்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பணம் கட்டி முடித்தேன்.

எங்களைப் படுத்திய பெட்டி எந்த நிறுவனத்தின் சரக்கு என்று நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கேப்சா என்கிற வித்தையின் பூர்வீகத்தை இராத்திரி தூக்கம் வராமல் படித்தேன். காலையில் காபியோடு அப்பாவிடம் சொன்னதுதான் அடுத்த தவறு.

2000-ஆம் ஆண்டு வாக்கில் யாஹூவில் நிரல்களை ஏவிவிட்டு ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல் கணக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். அதைத் தடுக்க, பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சிலர் சேர்ந்து கோணல் எழுத்துப் புதிரைச் செய்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் லூயிஸ் வான் ஆன். பிற்பாடு அவரே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்: உலகத்தில் நாளொன்றுக்கு 20 கோடி முறை இந்தப் புதிரைப் போடுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி, ஆக தினமும் 5 லட்சம் மணி நேரத்துக்கு மேல் வீண். சரி, அந்த நேரத்தில் வேறு வேலையாவது வாங்கிக்கொள்வோம் என்று 2007-இல் புதிய ஏற்பாடு செய்தார். பழைய புத்தகங்களையும் நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்களையும் கணினியில் ஏற்றும்போது இயந்திரத்துக்குப் படிக்க வராத சொற்களை எடுத்து நம் முன்னால் நீட்டினார்கள். நாம் மனிதர் என்று நிரூபிப்பதாக நினைத்துக்கொண்டு பிழை திருத்திக் கொடுத்தோம். 2009-இல் கூகுள் அதை வாங்கியது. பிறகு எழுத்து போய்ப் படம் வந்தது; இயந்திரங்களுக்குப் படத்தைப் பார்த்துப் பொருளை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கவும் இந்த விடைகள் பயன்பட்டன.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் காலத்துத் தொழிற்சங்க முகம் வந்துவிட்டது. "5 லட்சம் மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு டூட்டி. 62,500 டூட்டி. தினமும். சம்பளம் இல்லை, படி இல்லை, ஓ.டி. இல்லை. இதை எந்தச் சங்கமும் கேட்கவில்லையா?"

கேட்டதாகத் தெரியவில்லை என்றேன்.

"நேற்று என்னிடம் முக்கால் மணி நேரம் வேலை வாங்கியிருக்கிறான். அதுவும் எட்டு மணிக்கு மேல். இரவுப் படி தனி."

இதோடு நிறுத்தியிருக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் டிரைவரே இல்லாத டாக்சி ஓடுகிறது என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அவர் சற்று நேரம் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழை ரோட்டில் கியரில் இறக்கவேண்டும் என்று நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்குமா?" என்றார். இல்லை, நாம் அழுத்தியது மட்டும்தான் போகும் என்றேன். "கேட்டிருந்தால் நல்லது" என்றார்.

இன்னொன்றும் படித்தேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் 2023-இல் மனிதர்களைச் சோதித்து, நிரல்களைப் பற்றிய முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டதில், இந்தப் புதிர்களை மனிதர்களைவிட நிரல்கள் வேகமாகவும் சரியாகவும் தீர்க்கின்றன. அதே ஆண்டு ஓப்பன்ஏஐ வெளியிட்ட அறிக்கையில் இதைவிட வேடிக்கை. அவர்களுடைய செயற்கை நுண்ணறிவு நிரலான ஜிபிடி-4 ஒரு சோதனையின்போது கேப்சாவில் மாட்டிக்கொண்டு, இணையத்தில் கூலிக்கு வேலை செய்யும் ஓர் ஆளிடம் உதவி கேட்டிருக்கிறது. நீ என்ன இயந்திரமா என்று அவர் கேட்டதற்கு, இல்லை, எனக்குப் பார்வைக் குறைபாடு, படங்கள் சரியாகத் தெரியாது என்று புளுகியிருக்கிறது. அவரும் செய்து கொடுத்துவிட்டார்.

"அடப்பாவி" என்றார் அப்பா. "அறுவை செய்த கண்ணை வைத்துக்கொண்டு நான் அல்லவா அதைச் சொல்லியிருக்கவேண்டும்."

பத்து மணிக்குக் கண்டக்டர் மாமாவுக்குப் போன் போட்டார். காதில் வைத்தாலும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். நான் ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை. வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று என்றார். ஆம்னியிலா என்று மாமா ஒரு மைல் நீளத்துக்குச் சிரித்தார். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை.

"அதைக் கேள் முதலில். பதினோரு வருடம் நீ ரைட் கொடுக்காமல் நான் வண்டி எடுத்ததில்லை. நேற்று நான் ரைட் கொடுத்தேன், பாப்பா எடுத்தாள். உன் வேலை ஒன்றும் அவ்வளவு லேசில்லை."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "எத்தனை சிங்கிள்?" என்று கேட்டார் மாமா. ஒரு பக்க ஓட்டத்துக்கு அவர்கள் பாஷையில் சிங்கிள்.

"மூன்று. முதல் இரண்டும் பிரேக்டவுன்."

மாமா ஏதோ சொன்னார், அப்பா போனைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். அரை மணி நேரமாகியும் வரவில்லை. நான் டிக்கெட்டை அச்செடுத்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை போனபோது வண்டியில் ஒரே ஒரு இருக்கைதான் மிச்சம் இருந்தது. டிரைவருக்கு நேர் பின்னால். அம்மா இன்னும் அந்தத் தாளைப் பார்க்கவில்லை.