தலைகீழ் V இல்லை, அது 7

பழைய ஐரோப்பியக் காசில் ஆண்டு பொறித்தது வேண்டும், ஆனால் கையில் காசு இல்லை. என் நிலைமை இதுதான். டென்மார்க்கின் ரோஸ்கில்டேயில் அடித்த 1234ஆம் ஆண்டுப் பென்னிக் காசு, ஜெர்மனியின் ஆகென் நகரத்து 1372ஆம் ஆண்டு வெள்ளிக்காசு எல்லாம் ஏலப் படங்களில் பார்த்துப் பெருமூச்சு விடத்தான்.

கடைசியில் என் பர்சுக்கு எட்டியது பர்கண்டி கோமகன் சார்லஸ் 1474இல் நெதர்லாந்துப் பகுதிகளில் வெளியிட்ட வெள்ளிக்காசு. இரண்டு சிங்கங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும், நடுவில் தீமூட்டும் இரும்பு. என்னுடையதில் ஒரு சிங்கத்துக்கு முகமே இல்லை, தேய்ந்துவிட்டது. விளிம்பிலும் ஒரு கடி. அதனால்தான் மலிவு!

வாங்கும்போது நான் பார்த்தது ஆண்டை மட்டும்தான். அந்தக் கால 4, பாதி 8 போல மேலே சுழித்து, கீழே கால் விரித்து நிற்கும். 7 கூரை மாதிரி. இது தெரியாமல் முதல் நாள் பூதக்கண்ணாடியோடு அரை மணி நேரம் முழித்தேன். ரோமன் எழுத்து என்றே நினைத்துவிட்டேன்.

அப்புறம், தயவுசெய்து யாரும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே சொல்லியாயிற்று.