பில்பாவோவில் ஒரு ஜனவரி: மூன்றாம் டிவிஷன் பையனை எடுக்கலாமா?

ஜனவரி, ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகள் ஆள் எடுக்கும் மாதம். மற்ற ஊர்களில் அந்த மாதம் முழுக்கப் பணப் பேச்சுதான். யாரை எத்தனை மில்லியனுக்கு வாங்கலாம், அவ்வளவு கொடுத்தால் கட்டுப்படியாகுமா, நாளைக்கு விற்றால் என்ன தேறும். 2025 ஜனவரி கடைசியில் வடக்கு ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தில் நான் கேட்ட விவாதம் வேறு மாதிரி இருந்தது. "பெட்டியில பணம் இருக்கு. வாங்கத்தான் ஆள் இல்லை" என்று ஒரு பெரியவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது அத்லெடிக் கிளப்பைப் பற்றி. 1898-இல் தொடங்கிய கிளப். 1912 முதல் பாஸ்க் ஆட்டக்காரர்களை மட்டுமே ஆட வைக்கிறது. பாஸ்க் மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்குள்ள கிளப்பில் ஆடி வளர்ந்திருக்க வேண்டும். ஸ்பெயின் பக்கம் நான்கு மாகாணங்கள், பிரான்ஸ் பக்கம் மூன்று, மொத்தம் சுமார் 30 லட்சம் பேர். அதே பையன்களுக்காக ரியல் சோசியதாத், ஒசாசுனா, அலவேஸ் எல்லாம் போட்டி போடுகின்றன. எந்த லீக்கும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை, கிளப் தானாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. இதை வைத்துக்கொண்டே எட்டு முறை லீக் வென்றிருக்கிறார்கள். ரியல் மாட்ரிட், பார்சிலோனா, இவர்கள், இந்த மூன்று கிளப்புகள் மட்டும்தான் ஸ்பெயினின் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. கால்பந்து பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு இந்த ஊரைப் பார்க்க ஆசை இருந்ததற்குக் காரணம் இதுதான். குகன்ஹைம் அருங்காட்சியகத்தையும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பழைய நகரத்தில் நான் தங்கிய வீட்டை நடத்தியவர் முப்பது வயதுப் பெண். அவருடைய அப்பாதான் மேலே சொன்ன பெரியவர். எவுஸ்கல்துனா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். 1988-இல் அந்தப் பட்டறை மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் பெரிய இசை அரங்கம் நிற்கிறது, அங்கிருந்து கிளப்பின் சொந்த மைதானமான சான் மமேஸ் கூப்பிடு தூரம். அப்பாவும் மகளும் கிளப்பின் உறுப்பினர்கள். ஸ்பெயினில் உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் மிகச் சில கிளப்புகளில் இது ஒன்று. தலைவரையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் இவர்கள் பேச்சில் வரும் "நாம்" வெறும் ரசிகர்களின் "நாம்" இல்லை. நாம் வித்தோம், நாம் எடுக்கணும் என்று சொந்த வீட்டுச் சமாசாரம் போலத்தான் பேசினார்கள்.

அந்த வாரம் ஊரே பேசிய பெயர் மரோவான் சன்னாடி. விட்டோரியா நகரில் மொராக்கோவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 23 வயது. உயரமான, தோள் பலம் உள்ள ஸ்ட்ரைக்கர். ஊர்க் கிளப்பான அலவேஸின் இரண்டாம் அணியில் ஆடிவிட்டு, அப்போது பரகால்டோ கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். பரகால்டோ மூன்றாம் டிவிஷன். அங்கிருந்து ஒருவரை நேராக முதல் டிவிஷனுக்கு, அதுவும் முதல் நான்கு இடங்களுக்குப் போட்டியிடும் அணிக்குக் கொண்டுவரலாமா? ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கிலும் அத்லெடிக் ஆடிக்கொண்டிருந்தது, அந்த ஆண்டு அதன் இறுதி ஆட்டம் சான் மமேஸிலேயே நடக்க இருந்தது. சொந்த மைதானத்தில் கோப்பையைத் தூக்கும் வாய்ப்பு எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை வரும்?

போசாஸ் தெருவில் நின்றபடிதான் இந்த விவாதம் முழு வேகத்தில் நடந்தது. நகர மையத்திலிருந்து மைதானத்தை நோக்கி நேராகப் போகும் தெரு அது. இரண்டு பக்கமும் வரிசையாக பார்கள், மாடிகளில் சிவப்பு வெள்ளைக் கொடிகள். வெளியே ஊசித் தூறல். யாரும் குடை விரிக்கவில்லை. கவுண்டரில் ஹில்டா என்ற தின்பண்டம் தட்டுத் தட்டாக இருந்தது. ஒரு பல்குச்சியில் பச்சை ஆலிவ், உப்பில் ஊறிய நெத்திலி, வினிகரில் ஊறிய மெல்லிய பச்சை மிளகாய் குத்தியிருக்கும். மொத்தத்தையும் ஒரே வாயில் போட வேண்டும். மிளகாயில் காரமே இல்லை, முதலில் புளிப்பு, அப்புறம் நெத்திலியின் உப்பு, கடைசியில் ஆலிவ் எண்ணெய். பெரியவர் அதை மென்றுகொண்டே ஆரம்பித்தார். மகள் எனக்காக அவ்வப்போது நிறுத்தி மொழிபெயர்த்தார்.

"மூணாம் டிவிஷன்ல ஆடுறான். நிஜமாவே நல்ல ஸ்ட்ரைக்கரா இருந்தா இத்தனை வருஷம் யார் கண்ணிலயும் படாம இருந்திருப்பானா?"

"அதூரிஸ் மட்டும் நம்ம கண்ணில பட்டாராப்பா? நாமதானே அவரை வித்தோம்" என்றார் மகள்.

இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் எதிராளி கொஞ்ச நேரம் யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும். அரித்ஸ் அதூரிஸ் இரண்டு முறை இந்தக் கிளப்பை விட்டுப் போனவர். 2008-இல் மயோர்காவுக்கு விற்றார்கள். 2012-இல் வலென்சியாவிலிருந்து திரும்ப வாங்கியபோது அவருக்கு 31 வயது. அந்த வயதுக்கு மேல்தான் அவருடைய நல்ல காலமே தொடங்கியது. 2016-இல் பெல்ஜியத்தின் கெங்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல். 2019 ஆகஸ்டில் 38 வயதில், பார்சிலோனாவுக்கு எதிராக 89-ஆவது நிமிடத்தில் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலை இன்னமும் கைகால் அசைத்துக் காட்டித்தான் விவரிக்கிறார்கள். பெரியவரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காட்டினார்.

மகளிடம் இன்னொரு உதாரணமும் தயாராக இருந்தது. அப்போது முதல் அணியின் ஸ்ட்ரைக்கராக இருந்த கோர்கா குருசேட்டாவே கிளப்பின் அகாடமியில் வளர்ந்து, வெளியே போய், சபதெல், அமோரெபியெட்டா என்று சுற்றிவிட்டு 2022-இல் திரும்பியவர்தான். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் ஸ்பெயினின் கோபா டெல் ரே கோப்பை வென்ற அணியின் ஸ்ட்ரைக்கர் அவர். 2024 ஏப்ரலில் வென்ற அந்தக் கோப்பை, 40 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு வந்தது. நெர்வியோன் ஆற்றில் படகில் கோப்பை வந்த படம் மாட்டாத பார் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

பெரியவர் விடவில்லை. அவருடைய உண்மையான கவலை மரோவானின் திறமை இல்லை, லெசாமாவில் இருக்கும் கிளப்பின் அகாடமிப் பையன்கள். "லெசாமாவில 17, 18 வயசுல பசங்க காத்துக்கிட்டிருக்காங்க. வெளியிலிருந்து ஒருத்தனைக் கொண்டுவந்து முன்னால நிறுத்தினா அவங்க எங்க போவாங்க? வேற கிளப்னா அவங்களை விட்டுட்டு இன்னொருத்தரை வாங்கிக்கலாம். நமக்கு அவங்களை விட்டா யாரு?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. மறுநாள் ரயிலேறி லெசாமாவுக்கே போனேன். பில்பாவோவை விட்டு வெளியே வந்ததும் பச்சை மலைச் சரிவு, ஆடுகள், ஓட்டு வீடுகள். 1971 முதல் கிளப்பின் அகாடமி அங்கே இருக்கிறது. பழைய சான் மமேஸின் கூரையைத் தாங்கிய பெரிய வெள்ளை வளைவை, மைதானத்தை இடித்தபோது தூக்கிப் போடாமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் மழையில் பந்தைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு பாட்டி பேரனின் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெரியவர் சொன்ன "அவங்க" இவர்கள்தான்.

இருந்தாலும் நான் மகள் பக்கம்தான். ஒரு பையனுக்கு எதிரே போட்டிக்கு ஒருவர் நிற்பது அவனுக்கு நல்லது. அதைவிட முக்கியமானது, இப்படி வட்டம் போட்டுக்கொண்ட ஒரு கிளப், அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒருவரைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தள்ளிவிடக் கூடாது. 2018-இல் கோல்கீப்பர் கேபாவை இங்கிலாந்தின் செல்சீ கிளப் 8 கோடி யூரோவுக்கு வாங்கிப் போனபோது கிளப்பின் கணக்கில் பணம் கொட்டியது. அந்தப் பணத்தால் பிரேசிலிலிருந்து ஒருவரை வாங்க முடியாது. பக்கத்து ஊர் மூன்றாம் டிவிஷனில் கோல் அடிக்கும் பையனைப் போய்ப் பார்க்க முடியும். அதைச் செய்யாவிட்டால்தான் தப்பு.

இன்னொன்றையும் கவனித்தேன், எனக்கு அது மனதுக்கு நிறைவாக இருந்தது. அந்த மேசையில் இருந்த யாரும் மரோவானின் பெற்றோர் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்பதை ஒரு குறையாகவோ சலுகையாகவோ எடுக்கவில்லை. விட்டோரியாவில் பிறந்தவர், அவ்வளவுதான். இந்த நிலைக்கு இந்த ஊர் வந்ததில் இன்யாக்கி வில்லியம்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. கானாவிலிருந்து சஹாராவை நடந்து கடந்து வந்த பெற்றோருக்குப் பில்பாவோவில் பிறந்தவர். அவர்களுக்கு உதவிய பாதிரியாரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். 2015-இல் அத்லெடிக்குக்காகக் கோல் அடித்த முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார். பிறகு தொடர்ந்து 251 லீக் ஆட்டங்கள், ஒன்றையும் விடாமல் ஆடினார். தம்பி நிக்கோவும் இதே அணி.

சண்டையின் மறுபக்கத்தைப் பார்க்க மெட்ரோவில் பரகால்டோ போனேன். ஆற்றின் இடது கரைத் தொழிலாளர் ஊர். இந்தக் கரையின் உலைகள் ஒருகாலத்தில் ஸ்பெயினுக்கே இரும்பு கொடுத்தன. 1996-இல் எல்லாம் மூடியாகிவிட்டது, பக்கத்து ஊரான செஸ்தாவோவில் ஓர் உலையை மட்டும் நினைவுச் சின்னமாக விட்டிருக்கிறார்கள். கிளப்பின் நிறம் மஞ்சளும் கறுப்பும். லசெசாரே மைதானத்துக்குப் பக்கத்தில் காபி குடித்த கடையில் அந்த நிறத் துண்டு போட்ட ஒருவரிடம் கேட்டேன். அவரும் அத்லெடிக் ரசிகர்தான், இந்தக் கரையில் பெரும்பாலும் அப்படித்தான். முகத்தில் பெருமையும் வலியும் ஒன்றாகத் தெரிந்தன.

"எடுத்தா சந்தோஷம்தான். ஆனா சீசன் பாதியில எங்க கோல் மெஷினைத் தூக்கிட்டுப் போனா நாங்க யாரை வெச்சு ஆடுறது? பெரிய வீட்டுக்காரங்க ஜூன் வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. அத்லெடிக் வாழ்வதே சுற்றியிருக்கும் சின்னக் கிளப்புகளால்தான். அவற்றைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குப் பையன் வர மாட்டான். பெரியவரும் இதற்குப் பழைய கதை ஒன்று வைத்திருந்தார். 1995-இல் சான் செபாஸ்டியன் நகரின் ரியல் சோசியதாத்தில் ஆடிய 17 வயது ஹோசெபா எட்செபெரியாவை அத்லெடிக் 55 கோடி பெசேட்டா கொடுத்து எடுத்தது. அந்த வயதுப் பையனுக்கு அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. சான் செபாஸ்டியன்காரர்கள் கொதித்தார்கள், இரண்டு கிளப்புகளுக்கும் பேச்சுவார்த்தையே நின்றது. பையன் 15 சீசன் இங்கேயே ஆடினான். 2009-10, அவனுடைய கடைசி சீசன், சம்பளம் வாங்காமல் ஆடினான். "அவனை எடுத்தது சரியா தப்பான்னு இன்னிக்கு யாரைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்வாங்க. அன்னிக்கு இதே தெருவுல கைகலப்பே நடந்திருக்கும்" என்றார் பெரியவர். எட்செபெரியாவின் பெயரைச் சொல்லும்போது குரல் இளகியது. அவர் அன்றைக்கு எடுக்கச் சொன்ன கட்சியாம்.

ஜனவரி 30 இரவு விக்டோரியா பில்சனுடன் யூரோப்பா லீக் ஆட்டம். 3-1 என்று வென்று, லீக் சுற்றில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். சான் மமேஸைக் கதீட்ரல் என்று அழைப்பது சும்மா இல்லை. இங்கே முதன்முறையாக ஆட வரும் அணி, 1922-இல் இளம் வயதில் இறந்த ஸ்ட்ரைக்கர் பிச்சிச்சியின் மார்பளவுச் சிலைக்குப் பூங்கொத்து வைப்பது வழக்கம். ஸ்பெயினில் அதிக கோல் அடிப்பவருக்குக் கொடுக்கும் விருதுக்கே அவர் பெயர்தான். அவருக்குப் பின்னால் வந்த தெல்மோ சாரா லீக்கில் அடித்த 251 கோல்களும் இந்த ஒரே கிளப்புக்கு. 2014-இல் மெஸ்ஸி வந்துதான் அந்தச் சாதனையை முறியடித்தார். இப்படி ஒரு வரிசையின் கடைசியில் போய் நிற்கப்போகும் பையனைப் பற்றிப் பேசும்போது கூட்டத்துக்கு அவ்வளவு கண்டிப்பு இருப்பதில் ஆச்சரியமே இல்லை. வெற்றிக்கு நடுவிலும், பக்கவாட்டிலிருந்து உயரமாக வந்த ஒரு கிராஸ் யார் தலையிலும் படாமல் போனதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து "மரோவான்!" என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர் உடனே திரும்பி அவரோடு வாதாடத் தொடங்கிவிட்டார்.

ஜனவரி விண்டோ, அதாவது ஆள் எடுக்கும் கெடு, மூடுவதற்குள் கையெழுத்து ஆகிவிட்டது. நான் அப்போது பஸ் பிடித்து விட்டோரியாவுக்கு வந்திருந்தேன், மரோவானின் சொந்த ஊருக்கே. மகளிடமிருந்து செய்தி வந்தது: "எடுத்தாச்சு. அப்பா காலையிலிருந்து பேசவில்லை. ஆனால் அவன் ஆடிய பழைய வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்." அலவேஸின் நீலவெள்ளைத் துண்டு தொங்கிய ஒரு பாரில் அன்று நடந்த வாக்குவாதம் வேறு. நம் ஊர்ப் பையனை நாம் ஏன் விட்டோம்?

மே மாதம் அத்லெடிக் யூரோப்பா லீக் அரையிறுதிவரை வந்து மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றது, முதல் ஆட்டம் சான் மமேஸிலேயே 0-3. இறுதி ஆட்டத்தைத் தங்கள் மைதானத்தில் வேறு இரண்டு அணிகள் ஆடுவதை ஊர் பார்த்தது. ஸ்பெயின் லீக்கில் நான்காம் இடம், அதனால் அடுத்த சீசனில் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக். ஜூலையில் பார்சிலோனா கேட்டும் போகாமல் நிக்கோ 2035 வரை கையெழுத்துப் போட்டார். அன்று இரவு பெரியவரே மகளின் போனை வாங்கி எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். நிக்கோவைப் பற்றி அரை நிமிடம். மீதி முழுவதும், செப்டம்பரில் சாம்பியன்ஸ் லீக் தொடங்கும்போது குருசேட்டாவை முதலில் இறக்க வேண்டுமா, மரோவானையா என்பது பற்றி. அவர் கட்சி குருசேட்டா.