ஒழுக்கம் என்று நான் சொன்னது

மேடையில் மொழிபெயர்ப்பவருக்குக் குறிப்பேடுதான் துணை. பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுக்கொள்வேன். இடப்பக்கம் பேச்சின் போக்கு, வலப்பக்கம் எண்கள். 2013இல் மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் நடந்த கூட்டத்தின் குறிப்பேட்டை இன்னும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

பேச வந்தவர் மியான்மரில் பணியாற்றி ஓய்வு பெற்ற தூதர். அந்த நாட்டின் ஜனநாயக மாற்றமும் அயலுறவும் பற்றிப் பேச்சு. இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களே வருவார்கள், என்னைக் கூப்பிட மாட்டார்கள். அன்று வியாசர்பாடியிலிருந்து, பர்மாவை, அதாவது இன்றைய மியான்மரை, விட்டு வந்த குடும்பத்துப் பெரியவர்கள் பலர் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததால் கூப்பிட்டார்கள்.

முதல் அரை மணி நேரம் தடங்கல் இல்லாமல் போனது. 2010 நவம்பர் 7இல் தேர்தல், ஆறு நாள் கழித்து ஜனநாயகத்துக்காகப் போராடிய தலைவர் ஆங் சான் சூச்சி விடுதலை, 2012 ஏப்ரல் இடைத்தேர்தலில் 45 இடங்களில் 43 அவர் கட்சிக்கு. அடுத்து தூதர் எழுந்து பலகையில் 664 என்று எழுதினார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து மொத்த இடங்கள். அதன் கீழே 166. தேர்தலே இல்லாமல் ராணுவத் தளபதி நியமிக்கும் இடங்கள். அவையில் பச்சைச் சீருடையோடு வந்து வரிசையாக உட்காருவார்கள். அரசியல் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த வேண்டுமென்றால் 75 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு வேண்டும். ராணுவத்திடம் இருப்பது சரியாக 25 விழுக்காடு. முன் வரிசையில் ஒரு அம்மா விரல் விட்டுக் கணக்குப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

ராணுவம் தன் பாதைக்கு வைத்த பெயரைத் தூதர் சொன்னது அப்போதுதான். 2008 அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது: ‘டிசிப்ளின்ட்’ ஜனநாயகம். நான் யோசிக்கவில்லை. “ஒழுக்கமான ஜனநாயகம்” என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அறுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை. “அம்மா, ஒழுக்கம்னு சொல்லாதீங்க. ஒழுக்கம்னா நாமளா நடந்துக்குறது. அவங்க சொல்றது நம்மள அடக்கி வைக்கிறது.”

அரங்கம் அமைதியாகிவிட்டது. அவர் என்ன சொன்னார் என்று தூதர் கேட்டார். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு மூன்று வாக்கியம் பிடித்தது. கேட்டுவிட்டு, தன் தாளில் இரண்டு தமிழ்ச் சொற்களையும் எழுதிக்கொண்டார். “ஐயா சொன்னதுதான் சரி, கட்டுக்குள் வைத்த ஜனநாயகம்” என்று மைக்கில் திருத்திச் சொன்னேன். தளபதிகள் விரும்பிய அர்த்தத்தை நான் நல்ல தமிழில் பூசி, அவர்களால் ஊரை இழந்தவர்களிடமே நீட்டியிருக்கிறேன். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

அயலுறவுப் பகுதியை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். ஐராவதியில் சீனா கட்டிக்கொண்டிருந்த மியிட்சோன் அணையை 2011 செப்டம்பரில் அதிபர் தெய்ன் செய்ன் நிறுத்தி வைத்ததைத் தூதர் விரிவாகச் சொன்னார். ஆங் சான் சூச்சிக்கு நேரு விருது அளித்த இந்தியா, அதே தொண்ணூறுகளில் தளபதிகளோடும் கைகுலுக்கத் தொடங்கியதையும் மறைக்கவில்லை. வடகிழக்கு எல்லையில் ஆயுதக் குழுக்கள், மறுபக்கம் சீனா என்று காரணங்களை அடுக்கினார். காரணங்கள் எனக்குப் புரிந்தன. ஆனால் அவற்றைத் தமிழில் சொல்லும்போது அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை.

டீ நேரத்தில் பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கம்மா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று ரங்கூன் ரேடியோவில் சொன்னபோது அவருக்குப் பதினாலு வயது. அதற்கு முன்பே கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்தது. தகரப் பெட்டியில் மிச்சம் இருந்ததெல்லாம் அந்த நோட்டுதான். அப்பா அதை ஒவ்வொன்றாக எண்ணி, மறுபடி அதே பெட்டியில் அடுக்கி வைத்தாராம். அடுத்த வருடம் கப்பலேறி சென்னைத் துறைமுகம். “எல்லாம் நாட்டை ஒழுங்குபடுத்தத்தான்னு அப்பவும் சொன்னாங்க” என்றார். என் குறிப்பேட்டில் அவருடைய போன் நம்பரை அவரே எழுதிக்கொடுத்தார்.

அதன் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கொள்வோம். 2015 தேர்தலில் சூச்சியின் கட்சி ஜெயித்த அன்று அவரே கூப்பிட்டார், குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

2021 பிப்ரவரி 1 காலை. புது நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள். ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. குறிப்பேட்டைத் தேடி எடுத்து அந்த நம்பருக்குப் போட்டேன். கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“அந்த 166 நாற்காலி இத்தனை வருஷமும் அப்படியேதானேம்மா இருந்துச்சு?”

“ஆமாம் ஐயா” என்றேன்.