சூழலியல் ஆய்வுக் குழுவில் ஒரு வாரம்: பிஎச்.டி. சேரப்போகிறவர்களுக்கு

சூழலியலில் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் நெட் தேர்வு, ஃபெல்லோஷிப், கைடு பற்றித்தான். சேர்ந்த பிறகு ஒவ்வொரு வாரமும் எப்படிப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் சோர்ந்துபோகிறார்கள்.

எங்கள் குழு ஆனைமலையில் வேலை செய்கிறது. திங்கட்கிழமை லேப் மீட்டிங்கில் ஒவ்வொருவரும் போன வாரம் நன்றாக நடந்த ஒன்றையும் சொதப்பிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கைடும் சொல்வார். ஒருவருக்கு வனத்துறை அனுமதி கைக்கு வந்திருக்கும். இன்னொருவரின் கட்டுரை திரும்பி வந்திருக்கும். ஜூன் மழையில் டிரான்செக்ட் (விலங்குகளைக் கணக்கெடுக்கக் காட்டில் குறித்துவைத்த நேர்பாதை) நடக்க முடியாமல் திரும்பியவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை ஒரு ஜூனியர் தன் கேமரா டிராப் (விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா) படங்களைக் காட்டினாள். கேளையாடு, முள்ளம்பன்றி, சிறுத்தைகூட விழுந்திருந்தது. ஆனால் பேட்டரி மாற்றியபோது கடிகாரம் ரீசெட் ஆகி, தேதி ஜனவரி 1-லிருந்து ஓடியிருக்கிறது. எந்த விலங்கு எத்தனை மணிக்கு வந்தது என்றே தெரியாது. அழும் நிலையில் இருந்தாள். ஒரு சீனியர் கேட்டார்: "பேட்டரி மாத்தினதும் ஜிபிஎஸ்ஸை கேமரா முன்னாடி காட்டினியாம்மா?" காட்டியிருந்தாள். அந்த ஒரு படத்தில் ஜிபிஎஸ் திரையில் தெரிந்த சரியான நேரத்துக்கும் கேமரா நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எல்லாப் படங்களுக்கும் கூட்டினோம். அன்று மாலைக்குள் டேட்டா முழுதும் மீண்டது. நீங்களும் கேமராவைத் தொடும்போதெல்லாம் ஜிபிஎஸ்ஸை இப்படிக் காட்டிவிடுங்கள்.

இது சின்னச் சிக்கல். ஆய்வு வடிவமைப்பில் வரும் சிக்கல் அப்படியில்லை. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரே சோலைத்துண்டில் பத்து பிளாட் (அளந்து குறித்த ஆய்வுக் கட்டங்கள்) போட்டுவிட்டு, பத்து தனித்தனி மாதிரிகள் என்று கணக்குக் காட்ட முடியாது. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-லேயே இதைப் போலி மறுபதிவு (pseudoreplication) என்று தெளிவாக எழுதிவிட்டார். முதல் சீசனில் சந்தேகத்தை மீட்டிங்கில் போட்டு உடைத்தால் வேறு சோலைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். தீசிஸ் எழுதும்போது சொன்னால் யாராலும் உதவ முடியாது.

அப்புறம், ஒரு விலங்கும் கண்ணில் படாத நாளைச் சொதப்பலில் சேர்க்காதீர்கள். பூஜ்யம் என்று எழுதுங்கள், அதுவும் டேட்டாதான்.

எந்த லேபில் சேருவது என்று குழம்பினால், கைடிடம் கேட்டு ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு ஜூனியர் தன் சிக்கலைச் சொன்னதும் "ஏன் இப்படிப் பண்ணினே?" என்கிறார்களா, "ஃபீல்டு நோட்டை எடு, பார்க்கலாம்" என்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவது மாதிரி லேப் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.